முப்பத்தைந்து

குடியாத்தம் பேருந்து நிலையத்தில்
வேர்க்கடலை மடித்துத் தந்த தாளில்
ஒரு மதிப்பெண் பட்டியல்.
யாரோ ஆயிரம் நகல் எடுத்து
வீதி வீதியாக வீசியதில் மிச்சம்.
தமிழ் நாற்பத்தொன்று. ஆங்கிலம் முப்பத்தாறு.
கணக்கைச் சுற்றி மட்டும் தடித்த வட்டம்:
முப்பத்தைந்து.
"இவரா நம்ம வார்டு கணக்கைப் பார்ப்பார்?"
என்று அடியில் கொட்டை எழுத்து.
பெயர் கோ. எத்திராஜுலு.
ஆண்டு தொண்ணூற்று நான்கு.

கடலை தீரும்வரை படித்தேன்.
அந்த வருடம் வேலூரில்
விடைத்தாள் திருத்தும் முகாமில் நானும் இருந்தேன்.
கணக்குக் கட்டு. எனக்கு இருபத்தாறு வயது.
மின்விசிறி வெயிலை அள்ளி அள்ளி
எங்கள் மேலேயே போட்டுக்கொண்டிருந்தது.

முப்பத்தைந்தை யாரும் வாங்குவதில்லை.
திருத்துகிறவர்களுக்கு இது தெரியும்.
வாங்குவது முப்பத்தொன்று, முப்பத்திரண்டு.
மிச்சத்தை ஒருவர்
தாளை முன்னும் பின்னும் புரட்டி
எங்காவது ஒரு சூத்திரம் இருக்கிறதா,
வரைந்த வட்டமாவது வட்டமாக இருக்கிறதா என்று தேடி
அரை அரையாகச் சேர்ப்பார்.
அந்த எண்ணில் தெரிவது யாருடைய மூளை?
அவர் திருத்தியது
சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று வேண்டுமானால்
என்னால் ஊகிக்க முடியும்.

ஒரே ஒரு தாள் நினைவிருக்கிறது.
கிணற்றில் இவ்வளவு தண்ணீர்,
மோட்டார் மணிக்கு இவ்வளவு இறைக்கும்,
எப்போது காலியாகும்?
பையனோ பெண்ணோ, எனக்கு வெறும் பதிவெண்,
மையில் எழுதியிருந்தது:
"எங்க ஊர்ல கரண்டு ராத்திரிதான் வரும்.
அதுக்குள்ள ஊத்து ஊறிடும்.
காலி ஆகாது."
விடைக்குறிப்பில் ஆறு மணி நேரம்.
சுழி போட்டேன்.
சிரித்தபடி பக்கத்து மேசைக்கு நீட்டினேன்.
ராணிப்பேட்டை சார் சிரிக்கவில்லை.
"நம்ம பக்கம் எந்தக் கிணத்துலம்மா ஊத்து இருக்குது?
சுழியே சரி" என்றார்.

அது எத்திராஜுலுதான் என்று சொல்ல வரவில்லை.
அப்படி இருந்தால் இந்தக் கவிதைக்கு வசதி,
வார்டுக்கு வசதியா தெரியாது.
மார்க் குறைந்தவரெல்லாம் மறைந்துகிடக்கும் மேதை என்றால்
என் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு
இந்நேரம் நாலு மந்திரிகளைத் தந்திருக்கும்.

எதிர்த்து நிற்பவர் பொறியாளர்.
ஃபிளெக்ஸில் அவர் முகத்தைவிடப் பெரிதாக
ஆயிரத்து நூற்று எண்பத்தாறு.
அவர் பேசியதையும் நின்று கேட்டேன்.
கால்வாய்க்கு எத்தனை அடிக்கு எவ்வளவு சரிவு வேண்டும்,
கௌண்டன்யா ஆற்றில் வெள்ளம் வந்தால்
எந்தத் தெரு முதலில் முழுகும்.
எல்லாம் சரி. ஒரு தப்பு இல்லை.
பீடிக்கு இலை வெட்டிக்கொண்டே ஒரு பெண்
தலை நிமிராமல் கேட்டாள்:
"தண்ணி ரெண்டு நாளிக்கி ஒருவாட்டி வருமா வராதா,
அத்தச் சொல்லு நைனா."
அவர் மறுபடியும் சரிவிலிருந்து ஆரம்பித்தார்.
எத்திராஜுலுவிடமும் அதையே கேட்டாளாம்.
"வரும்" என்றாராம் உடனே.
எங்கிருந்து என்று சொல்லவில்லை.

வாக்குப்பதிவு அன்று
நெல்லூர்பேட்டைப் பள்ளியில் எனக்கு வேலை.
அந்த வார்டில் எனக்கு ஓட்டில்லை,
விரலில் மை வைப்பதோடு சரி.
பதினோரு மணிக்கு வரிசையில் வந்தார்.
காதோரம் நரை, சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி.
தாளில் பார்த்த பெயருக்கு
இப்படி ஒரு கை இருக்கும் என்று நினைத்திருக்கவில்லை.
சுண்ணாம்பு படிந்த இடது ஆள்காட்டி விரலை நீட்டி
"பாத்துப் போடுங்க டீச்சர்" என்றார்.
வெள்ளைச் சட்டை. அதற்காகச் சொல்லியிருப்பார்.

நகத்திலிருந்து முதல் கணுவரை
ஒரு கோடு, அவ்வளவுதான் விதி.
என் குச்சி
கொஞ்சம் தாண்டிவிட்டது.